கரிம வரி: முழுதும் கட்டுவதா, வெளிநாட்டுக் கார்பன் கிரெடிட் வாங்குவதா?

ஆண்டுக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் கரிமம் வெளியிடும் சிங்கப்பூர் ஆலைகளுக்குக் கரிம வரி உண்டு. 2026, 2027இல் டன்னுக்கு 45 சிங்கப்பூர் வெள்ளி. வரிக்குரிய அளவில் 5 விழுக்காடு வரை, வெளிநாட்டுக் கார்பன் கிரெடிட்டால் (அங்கே ஒரு டன் கரிமம் குறைத்ததற்கான சான்று) ஈடுகட்டலாம்.

செலவு
வரி: 100,000 டன்னுக்கு 4.5 மில்லியன் வெள்ளி. பேரம் கிடையாது.
கிரெடிட்: 5,000 டன்னுக்கு மட்டும். ஒன்று 30 வெள்ளிக்குக் கிடைத்தால் 75,000 வெள்ளி மிச்சம். 45ஐத் தாண்டினால் நட்டம்தான். தரகர், வழக்கறிஞர் கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள்.

சிக்கல்
வரி: அறிக்கை, சரிபார்ப்பு, கட்டணம். அவ்வளவே.
கிரெடிட்: சிக்கல் முழுக்க இங்கேதான். நாடுகள் கரிமக் குறைப்பைத் தமக்குள் கைமாற்ற வழிசெய்யும், பாரிஸ் பருவநிலை உடன்பாட்டின் 6ஆம் பிரிவின்கீழ் சிங்கப்பூருடன் ஒப்பந்தம் செய்த நாட்டிலிருந்து வரவேண்டும். பாப்புவா நியூ கினி, கானா, பூட்டான் போன்றவை. திட்டமும் கணக்கீட்டு முறையும் அனுமதிப் பட்டியலில் இருக்கவேண்டும். குறைப்பு 2021-2030க்குள் நடந்திருக்கவேண்டும். அந்த நாடு அனுமதிக் கடிதம் தந்து, தன் கணக்கிலும் திருத்தம் செய்யவேண்டும். இல்லாவிட்டால் ஒரே டன்னை இரு நாடுகள் எண்ணிவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தன்னார்வக் கிரெடிட் (சட்டக் கட்டாயமின்றி நிறுவனங்கள் வாங்குவது) பெரும்பாலும் இங்குதான் தகுதி இழக்கும்.

25,000 டன் வரம்பை ஒட்டி நிற்கும் ஆலைக்கு ஈடு 1,250 டன்தான். அந்த அலைச்சலுக்கு வரியே மேல். பல லட்சம் டன் வெளியிடும் சுத்திகரிப்பு ஆலைக்குக் கிரெடிட் பொருந்தும், அனுமதிக் கடிதம் வந்தபின் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்.