கர்லோடு பன்னிரண்டு வருடம்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் சர்வர் வெளியே இருக்கும் ஒரு ஏபிஐ-யை, அதாவது நிரல்கள் கேட்டால் தரவு தரும் சேவையை, அழைக்கும்போதெல்லாம் ஐந்து வினாடி தாமதம். அப்ளிகேஷன் எழுதியவர்கள் நெட்வொர்க்கைக் கைகாட்டினார்கள். நெட்வொர்க் பார்ப்பவர்கள் எதிர்முனையைச் சொன்னார்கள். இரண்டு நாள் இப்படியே போனது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "லாக் பாத்தது போதும் தம்பி, கர்ல் அடிச்சுப் பாரு" என்றார். கர்ல் என்பது ஒரு இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பி, வரும் பதிலைக் காட்டும் கமாண்ட்.

அவர் போடச் சொன்னது மைனஸ் டபிள்யூ ஆப்ஷன். ஒரு கோரிக்கை போய் வருவதில் எந்தக் கட்டம் எத்தனை வினாடியில் முடிந்தது என்று கர்ல் எழுதிக் காட்டும். பெயரை ஐபியாக மாற்றி முடித்தது 5.01, டிசிபி இணைப்பு 5.03, பேச்சை மறையாக்கிப் பாதுகாக்க இரு முனையும் ஒப்புக்கொள்ளும் டிஎல்எஸ் கைகுலுக்கல் 5.09, முதல் பைட் வந்தது 5.21, மொத்தம் 5.22. எல்லா எண்ணும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுபவை, அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தால், எதிர்முனை கால் வினாடிக்குள் எல்லாம் முடித்துவிட்டது. ஐந்து வினாடியும் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் போயிருக்கிறது. அதற்கு எந்தச் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைலில் முதலில் எழுதியிருந்த நேம்சர்வர் செத்துப்போய் மாதங்கள் ஆகியிருந்தன. லினக்ஸ் அதற்காக ஐந்து வினாடி காத்திருந்து, அப்புறம்தான் இரண்டாவதைக் கேட்கும். அந்த ஒரு வரியை எடுத்தோம், சரியாகிவிட்டது.

அன்று பிடித்த பழக்கம். பன்னிரண்டு வருடத்தில் கர்லைத் தொடாத வேலைநாள் எனக்கு அநேகமாக இல்லை. 250-க்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள் இருக்கின்றன, நான் தினமும் பயன்படுத்துவது பத்துப் பன்னிரண்டுதான்.

அதிகம் அடிப்பது மைனஸ் வி. நட்சத்திரக் குறியோடு வரும் வரிகளில் எந்த ஐபியைத் தொட்டது, எந்த டிஎல்எஸ் பதிப்பில் பேசி முடித்தது, சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழ் எந்தப் பெயருக்கு, யார் கொடுத்தது, என்றைக்குக் காலாவதி என்று வரும். வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி வரிகள் நாம் அனுப்பியவை. இடப்பக்கம் பார்ப்பவை எதிர்முனை சொன்ன பதில்கள். இணையத்தில் கேள்வியும் பதிலும் போய்வரும் முறையான ஹெச்டிடிபி என்றால் என்னவென்று படித்துப் புரியாதவர்களுக்கு இந்த வரிகளைத்தான் காட்டுவேன், உடனே பிடிபட்டுவிடும்.

பாதுகாப்பான இணைப்பு விஷயத்தில் கர்ல் கறாரான ஆள். ஒரு முறை புதுச் சான்றிதழ் போட்ட மறுநாள், பிரவுசரில் பூட்டுக் குறி சரியாகத் தெரிகிறது, ஆனால் எங்களோடு தரவு பரிமாறும் இன்னொரு குழுவின் ஸ்கிரிப்ட் மட்டும் தோற்கிறது. கர்ல் அடித்தால் பிழை எண் 60, சான்றிதழைக் கொடுத்தவரைச் சரிபார்க்க முடியவில்லை என்கிறது. சர்வரில் எங்கள் சான்றிதழை மட்டும் வைத்திருந்தார்கள், அதற்கும் மூலச் சான்றிதழுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டார்கள். பிரவுசர்கள் விடுபட்டதைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும், அல்லது முன்கூட்டியே கையில் வைத்திருக்கும். லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தோடு ஓடும் கர்ல் அப்படிச் சமாளிக்காது. இந்தச் சான்றிதழ்ச் சங்கிலி முழுசாக இல்லையென்றால் இல்லைதான். சான்றிதழ் மாற்றியதும் பிரவுசரில் மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் மைனஸ் கே என்கிற ஆப்ஷன் கையை இழுக்கும். அதைப் போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பே நடக்காது, பிழை மறைந்துவிடும். அந்த இன்னொரு குழு அதைத்தான் செய்திருந்தது, நாங்கள் சான்றிதழைச் சரிசெய்த பிறகும் அது அவர்கள் ஸ்கிரிப்டில் இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. நடுவில் யார் புகுந்து பேசினாலும் அந்த ஸ்கிரிப்ட் நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கும். ஒரு முறை கண்ணால் பார்க்க மைனஸ் கே சரி, ஸ்கிரிப்டில் எழுத அதற்கு இடமே கிடையாது. உள் நெட்வொர்க்கில் சொந்தமாகச் சான்றிதழ் கொடுத்துக்கொள்பவர்கள் சிஏசெர்ட் ஆப்ஷனில் அந்த ஃபைலைக் காட்டினால் போதும். டிஎன்எஸ் மாற்றும் முன் புதுச் சர்வரைச் சோதிக்க ரிசால்வ் ஆப்ஷன் இருக்கிறது. இந்தப் பெயருக்கு இந்த ஐபி என்று நாமே சொல்லிவிடலாம், சரிபார்ப்பும் முழுசாக நடக்கும். சர்வர் இடம் மாற்றும் ஒவ்வொரு இரவும் இது எனக்குத் துணை.

குறை இல்லையா? இருக்கிறது. சர்வர் 404, அதாவது கேட்டது இங்கே இல்லை, என்று சொன்னாலும் கர்ல் தன் வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே கணக்கு வைத்துக்கொள்ளும், அந்தப் பிழைப் பக்கத்தையே ஃபைலாகச் சேமித்துவிடும். தினமும் இரவு 2 மணிக்கு அந்நியச் செலாவணி மதிப்புகளை இறக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று நான் எழுதியது. அனுப்புகிறவர்கள் ஃபைலின் இடத்தை மாற்றியது தெரியாமல் ஒன்பது நாள் பிழைப் பக்கத்தைச் சேமித்துக்கொண்டிருந்தது, பழைய மதிப்பிலேயே கணக்கு ஓடியது. இன்ஸ்டால் கமாண்டுகளில் எல்லோரும் காப்பி அடிக்கும் எஃப்எஸ்எஸ்எல் என்ற நான்கு எழுத்துக்கு அப்போதுதான் அர்த்தம் தேடிப் படித்தேன். சின்ன எஃப் போட்டால் 404 தோல்வியாகக் கணக்காகும், சின்ன எஸ் சத்தமில்லாமல் ஓட, பெரிய எஸ் பிழை வந்தால் மட்டும் சொல்ல, பெரிய எல் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் பின்தொடர்ந்து போக. இதோடு தோற்றால் மறுபடி முயலச் சொல்லும் ரீட்ரையும், இணைப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் கனெக்ட் டைம்அவுட்டும் சேர்க்காமல் நான் எந்த ஸ்கிரிப்டும் இப்போது எழுதுவதில்லை.

கர்ல் பிறந்ததே செலாவணி மதிப்புக்காகத்தான். 1996-ல் ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், அரட்டை அறையில் இருப்பவர்களுக்கு அன்றைய மதிப்பைத் தானாகச் சொல்லும் ஒரு நிரலுக்காக (பாட் என்பார்கள்), பிரேசில்காரரான ரஃபேல் சகுலா எழுதிய ஹெச்டிடிபிகெட் என்ற சிறு நிரலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1998 மார்ச் 20-ல் அது கர்ல் என்ற பெயரில் வெளிவந்தது. இத்தனை வருடம் ஒரே ஆள் அதை முன்நின்று வளர்ப்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது. 2023 அக்டோபரில் நடுவில் இன்னொரு சர்வர் வழியாகப் போக உதவும் சாக்ஸ்5 பிராக்சி பகுதியில் மோசமான ஓட்டை கண்டுபிடித்தபோது, தேதியை முன்கூட்டியே அறிவித்து, 11-ம் தேதி 8.4.0 பதிப்பில் அடைத்தார்கள். நாங்கள் ஆள் போட்டுக் காத்திருந்து அன்றே எல்லாச் சர்வரிலும் ஏற்றினோம். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், லினக்ஸ் விநியோகங்கள் எண்ணை மாற்றாமலே பழைய பதிப்பில் திருத்தத்தைச் சேர்த்துவிடும்.

விண்டோஸ்காரர்களுக்கு: 2018 முதல் விண்டோஸ் 10-லேயே கர்ல் வருகிறது. விண்டோஸில் கமாண்ட் அடிக்கும் பவர்ஷெல்லின் பழைய பதிப்பில் மட்டும் கர்ல் என்று அடித்தால் வேறொரு கமாண்ட் ஓடும், டாட் இஎக்ஸ்இ சேர்த்து அடியுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் முகவரியில் ஆம்பர்சண்ட் குறி இருந்தால் மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லையென்றால் நாம் அடிக்கும் கமாண்டைப் படித்து ஓட்டும் ஷெல் அதோடு முகவரியை வெட்டிவிட்டுக் கமாண்டைப் பின்னணிக்குத் தள்ளிவிடும். ஒரு தளத்தை முழுசாகக் கிளை கிளையாக இறக்க வேண்டுமா, அதற்கு டபிள்யூகெட்தான் சரி.

கமாண்டிலேயே பாஸ்வேர்டை எழுதாதீர்கள், ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். நான் அதைப் பயனர்பெயர், பாஸ்வேர்டு எழுதிவைக்கும் நெட்ஆர்சி ஃபைலில் வைத்து, எனக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுத்து, மைனஸ் என் போட்டு அழைக்கிறேன்.