லேஆஃபுக்குப் பிறகு: ஃப்ரண்ட்எண்டா, ஏஐயா, டேட்டாபேஸா?

வேலை போனவனுக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சலித்துப் பார்த்ததில் எனக்கு மூன்று வழிகள் மிஞ்சின. பழகிய ஃப்ரண்ட்எண்ட் வேலையை, அதாவது பயனர் பார்க்கும் திரைகளை எழுதுவதை, வேறு கம்பெனியில் தொடர்வது. ஊரே ஓடுகிற மெஷின் லேர்னிங் (டேட்டாவிலிருந்து கணினியையே கற்க வைக்கும் ஏஐ துறை) பக்கம் நானும் ஓடுவது. தகவலைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் பக்கம் இறங்குவது. மூன்றாவதைத்தான் எடுத்தேன். அதனால் இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளம், வீட்டிலிருந்து வேலை, பதவிப் பெயர் இவற்றை அலசப்போவதில்லை. அவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஃப்ரண்ட்எண்டில் தொடர்வதன் பெரிய சாதகம் வேகம். ரெஸ்யூமேயில் நாலு வரி திருத்திவிட்டு உடனே விண்ணப்பிக்கலாம். சேமிப்பு கரைகிறது, கடன் தவணை நெருக்குகிறது என்றால் இதுதான் சரி. முதலில் சம்பளம் வரட்டும், பாதையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

மெஷின் லேர்னிங்கில் என் அனுபவம் பாடங்களையும் சில சின்ன மாடல்களையும் (டேட்டாவை வைத்துப் பயிற்றுவித்த புரோகிராம்கள்) தாண்டவில்லை. அந்த அளவோடு சொல்கிறேன். 'ஏஐ வேலை' என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. மாடலையே உருவாக்குவது ஒன்று. அதற்கு லீனியர் ஆல்ஜீப்ராவும் நிகழ்தகவும் ஆழமாக வேண்டும், போட்டிக்கு வருபவர்களில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்களும் இருப்பார்கள். தயாராக இருக்கும் மாடலை ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கூப்பிடும் வழி) மூலம் கூப்பிட்டு ஒரு ஆப்பில் பொருத்துவது இன்னொன்று. அது நாம் ஏற்கெனவே செய்துவரும் மென்பொருள் வேலைதான். அதைத் தனிப் பாதை என்று எண்ணி மெனக்கெட வேண்டியதில்லை. இந்தத் துறை பிடித்துப்போய் வருகிறவர்களைத் தடுக்க மாட்டேன். பயத்தில் வருகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

என்னை டேட்டாபேஸ் பக்கம் திருப்பியது ஒரே கேள்வி: இப்போது படிப்பது எத்தனை வருடம் செல்லும்?

ஃப்ரண்ட்எண்ட் எழுத உதவும் ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது. 2016-இல் அதையே முழுக்கத் திருப்பி எழுதி ஆங்குலர் 2 என்று வெளியிட்டார்கள். பழைய நிரலை அப்படியே அதில் ஓட்ட முடியாது. 2021 முடிவோடு பழையதற்கான ஆதரவும் நின்றது. அதேபோன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் 2013-இல் பொதுவெளிக்கு வந்தது. 2019-இல் அதில் ஹூக்ஸ் என்ற வசதி வந்த பிறகு எழுதும் பாணியே மாறிவிட்டது. கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் பாருங்கள். தகவலை அட்டவணைகளாக அடுக்கும் ரிலேஷனல் மாடல் பற்றி எட்கர் காட் என்ற கணினி விஞ்ஞானி எழுதிய கட்டுரை 1970-இல் வந்தது. டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் 1986-இல் தரநிலையானது. எழுபதுகளின் தொடக்கத்தில் உருவான பி-ட்ரீ அமைப்புதான் இன்றும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இயல்பான இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகராதி போன்ற பட்டியல்). எஸ்க்யூஎல்லில் எந்தத் தகவல் வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறோம். அதை எப்படி எடுப்பது என்பதை டேட்டாபேஸ் முடிவு செய்கிறது. அதனால் உள்ளே என்ஜின் எவ்வளவு மாறினாலும் நாம் எழுதிய குவரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) பெரும்பாலும் அப்படியே ஓடுகிறது. அதோடு, திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பல வருடக் கணக்குகளை வேறு இடத்துக்குப் பெயர்ப்பதென்றால் எந்த நிர்வாகமும் பலமுறை யோசிக்கும். ஆப் செத்தாலும் டேட்டா பிழைத்திருக்கும்.

வேலை இழந்தவர்களுக்கு இது வெறும் தத்துவமில்லை. இடைவெளிக்குப் பிறகு இன்டர்வியூவில் உட்காரும்போது, பழைய வருடங்களில் எவ்வளவு செல்லுபடியாகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இந்தக் குவரி ஏன் மெதுவாக ஓடுகிறது, ஒரே நேரத்தில் டேட்டாவைத் தொடும் இந்த இரண்டு டிரான்ஸாக்‌ஷன்கள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்பவை பழைய கேள்விகள். பதிலும் பெரிதாக மாறவில்லை.

பராமரிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் 5 வருட ஆதரவு. மேம்படுத்தும் வேலை திரும்பத் திரும்ப வரும். ஆனால் புதிதாக வருவது பழையதன் மேல் சேர்கிறது, பழையதை அழிப்பதில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, வேலையின் வடிவம் மாறியிருக்கிறது. டேட்டாபேஸை நமக்காகப் பராமரித்துத் தரும் அமேசான் ஆர்டிஎஸ் சேவை 2009-இல் வந்தது. அதுபோன்ற சேவைகள் பேக்கப், பேட்ச் போன்ற அன்றாட வேலைகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. மிஞ்சுவது டேபிள் வடிவமைப்பு, மெதுவான குவரி, லாக் (ஒருவர் மாற்றும் டேட்டாவை மற்றவர் தொடாமல் பூட்டுவது), டேட்டா மாற்றம். அதனால் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) என்ற பெயரை மட்டும் தேடாமல் டேட்டா எஞ்சினியர், பிளாட்ஃபார்ம் எஞ்சினியர் பணிகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பின் கனம். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். திரும்ப எடுக்கப் போனால் பேக்கப் வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. சுமார் 6 மணி நேர டேட்டா போனது. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். பட்டன் இடம் மாறினால் சிரித்துவிட்டுத் திருத்தலாம், இது அப்படியில்லை. இரவில் போன் அடித்தால் எழுந்துதான் ஆக வேண்டும். அது ஒத்துவராதவர்கள் ஃப்ரண்ட்எண்டிலேயே இருக்கலாம், அதில் குறைவில்லை.

முடிவெடுக்கும் முன் தொட்டுப் பார்க்கச் செலவில்லை. போஸ்ட்கிரெஸ் இலவசம். ஜெனரேட்_சீரீஸ் என்ற ஃபங்ஷனை வைத்து 10 லட்சம் வரிகள் கொண்ட டேபிளை உருவாக்குங்கள். ஒரு வரியைத் தேடும் குவரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் (குவரி எப்படி, எவ்வளவு நேரத்தில் ஓடியது என்று காட்டும் கட்டளை) போட்டு ஓட்டுங்கள், பிறகு இன்டெக்ஸ் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். நேரம் ஏன் அப்படிச் சரிந்தது என்று தோண்டத் தோன்றினால் இந்தப் பக்கம் வாருங்கள். கொட்டாவி வந்தால் மற்ற இரண்டு வழிகள் இருக்கவே இருக்கின்றன.