கையளவு காசுக்கும் சாமான் தரும் மளிகைக் கடை

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கடைத்தெரு முனையில் இருக்கும் மளிகைக் கடையில்தான் பல வருஷமாக மாதச் சாமான் வாங்குகிறோம். ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அந்தக் கடையைத்தான்.

முதல் காரணம் பருப்பு. கடைக்காரர் மூட்டையிலிருந்து அள்ளி முறத்தில் பரப்பிக் காட்டிவிட்டுத்தான் எடை போடுவார். உளுந்து எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார். "இந்த மூட்டை மாவு காணாதுக்கா, ரெண்டு நாள் பொறுங்க, புதுசு வருது" என்று என்னைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

அடுத்தது, எதையும் சில்லறையாகத் தருவார். நடவு வேலை முடிந்து கூலியோடு நேரே வருகிறவர்களுக்கு அன்றைய குழம்புக்கு வேண்டியது கிடைத்தால் போதும். 50 கிராம் புளி, ஐந்து ரூபாய்க்குக் கடுகு, ஒரு சாஷே ஷாம்பு. டவுன் சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பாக்கெட் மலிவுதான், ஆனால் மொத்தமாகக் காசு இருப்பவர்களுக்குத்தானே அந்த மலிவு? இங்கே முகம் சுளிக்காமல் மடித்துக் கொடுப்பார். பற்று நோட்டும் உண்டு. ஐந்தாம் தேதிக்குள் தீர்த்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டுப் பழைய பற்று நோட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதல் வரி அரிசிதான், பெரிய தொகையும் அதற்குத்தான். 2011இல் ரேஷனில் விலையில்லா அரிசி வந்தபின் இட்லிக்கு அது போதுமென்றாகி, கடையில் சாப்பாட்டுப் பொன்னி மட்டும் வாங்குகிறோம். நோட்டில் இப்போது முட்டை, சேமியா, பிஸ்கட், பேத்திக்கு டயப்பர்.

நாடு முழுக்க இதே கதைதான். மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமத்துச் செலவில் உணவின் பங்கு 46 சதவீதம். 1999-2000இல் அது 59. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு அன்று 22 சதவீதம் போனது, 2022-23இல் ஐந்துக்கும் கீழே. ரேஷனில் சும்மா கிடைப்பதற்கு மதிப்புப் போடாத கணக்கு இது, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அரிசியில் மிஞ்சிய காசு முட்டைக்கும் பாலுக்கும் போனால் சந்தோஷம். ஆனால் அதே கணக்கெடுப்பில் பானங்களும் பாக்கெட் தின்பண்டங்களும் மற்ற தயார் உணவுகளும் சேர்ந்து கிட்டத்தட்ட பத்து சதவீதம், தானியத்தைப் போல இரண்டு மடங்கு. கடையில் எனக்கிருக்கும் ஒரே குறையும் அதுதான். வாசலிலேயே சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் கண் மட்டத்தில். கடலைமிட்டாய் பாட்டிலோ உள்ளே அலமாரியில். அதை முன்னால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். "செஞ்சிடலாம்க்கா" என்றார். இன்னும் செய்யவில்லை, நானும் விடுவதாக இல்லை.

காய்கறி மட்டும் இங்கே வேண்டாம், சந்தையில் வாங்குங்கள். சாயங்காலம் கூட்டம் நெரியும். மாதச் சாமான் சீட்டைக் காலையிலேயே கொடுத்துவிட்டால் மதியத்துக்குள் பையன் சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுவிடுவான்.