பிக் லைனும் ‘பால் சேலைனும்’: அம்மாவோடு சில மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பு வழியே சாப்பாடு ஏற்றும் அந்த வெள்ளை பேக் ஏறியிருக்காவிட்டால் அம்மாவின் உடம்பு கீமோவைத் தாங்கியிருக்காது. அது ஏறிய குழாய் வழியாகத்தான் இரத்தத்தில் கிருமியும் ஏறியது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சூலகப் புற்றுநோய் குடலை அழுத்தி, குடித்த வெந்நீர்கூட வாந்தியாகத் திரும்பிய கட்டத்தில்தான் டீ.பி.என். (குடலை விட்டு, முழுச் சாப்பாட்டையும் நரம்பு வழியே ஏற்றுவது) தொடங்கினார்கள். குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு என மூன்றும் ஒரே பேக்கில் தனித்தனி அறைகளில் இருக்கும். மிஸ் (நர்ஸ்) அதை அழுத்தி உருட்டி உள்தடுப்பை உடைத்துக் கலந்ததும் பால் நிறத்துக்கு வந்துவிடும். அம்மாவுக்கு அது கடைசிவரை ‘பால் சேலைன்’தான். செறிவு கூடியது என்பதால் கையிலுள்ள சின்ன நரம்பில் ஏற்றினால் நரம்பு புண்ணாகிவிடும். அதனால் மேற்கை வழியாக நுழைத்த மெல்லிய குழாயின் நுனியை இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெரிய நாளத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இதுதான் பிக் (PICC) லைன். வெளியே தொங்கும் முனையில் ஒட்டுகிற கிருமிக்கும் அதே நேர்வழி திறந்திருக்கிறது.

புற்றுநோயாளிகளுக்கு இதில் ஆபத்து கூட. கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் சரிகின்றன. அவற்றில் கிருமியோடு சண்டை போடும் வகையான நியூட்ரோபில் 500க்குக் கீழே போனால் சாதாரணத் தோல் கிருமியே ஆளைச் சாய்க்கப் போதும். பேக்கில் உள்ள சீனி இரத்தத்தில் கூடினால் எதிர்ப்புச் சக்தி இன்னும் மந்தமாகும். வார்டில் அடிக்கடி விரலில் குத்திச் சுகர் பார்ப்பது அதனால்தான். கொழுப்புக் கலவையோ கிருமிக்கும் காளானுக்கும் நல்ல தீனி. கலந்த பேக்கை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், ஏற்றும் டியூப்பையும் அதே கணக்கில் மாற்ற வேண்டும்.

சம்பவம் நடந்தது வீட்டில். பேக்கை நிறுத்தி, அடுத்த கீமோவுக்காக லைனை மட்டும் கையில் விட்டு அனுப்பியிருந்தார்கள். ஹட்டன் பக்கம் ஆடி மழை. பக்கத்து ஆஸ்பத்திரியில் லைனை ஃபிளஷ் பண்ணிக்கொண்டு (சிரிஞ்சால் நீர் தள்ளிக் குழாயைக் கழுவுவது) லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில், “குளுருது புள்ள, அந்தக் கம்பளிய இழுத்து விடு” என்றார் அம்மா. எங்கள் ஊரில் குளிருது என்பதை யார் நோய்க்கணக்கில் சேர்ப்பார்கள்? ஆனால் பல் கிட்டிக் கட்டிலே ஆடியது. தேமோமீட்டரில் 38.6. பக்கத்து வீட்டு அக்கா பனடோலை நீட்டினார். வேண்டாம் என்று 1990 அம்புலன்சுக்கு அடித்தேன். பனடோல் சூட்டை இறக்கி விஷயத்தை மறைத்துவிடும் என்று க்ளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஃபிளஷ் பண்ணியதும் வரும் நடுக்கத்துக்குத் தனி அர்த்தம் உண்டு: குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்த கிருமி, தள்ளிய நீரோடு இரத்தத்துக்குள் போயிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் லைனிலிருந்தும் மற்றக் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்தார்கள். லைன் இரத்தத்தில் கிருமி இரண்டு மணித்தியாலமாவது முந்தி வளர்ந்தால் குற்றவாளி லைன்தான். அப்படித்தான் வந்தது, தோலில் வாழும் ஸ்டெஃபிலோகொக்கஸ் வகை. லைனைக் கழற்றி அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். காளான் வகையான கெண்டிடா வந்திருந்தால் இன்னும் சிக்கல் என்றார் டொக்டர்.

பிறகு போட்ட இரண்டாவது லைனுக்கு நான் காவல்காரி ஆகிவிட்டேன். கவனம் முழுக்க அந்தச் சின்ன மூடி முனையில்தான். ஒவ்வொரு தடவை இணைக்கும் முன்னும் ஸ்பிரிட்டால் 15 செக்கனாவது அழுத்தித் தேய்த்து, காயவிட்டுத்தான் சிரிஞ்சை மாட்ட வேண்டும். ஒரு வார்டில் (பெயர் வேண்டாம்) முனையைப் பஞ்சால் தொட்டும் தொடாமலும் மாட்டிவிட்டுப் போனார்கள். சண்டை போட்டுப் பயனில்லை. “மிஸ், கொஞ்சம் நல்லா தேச்சிட்டு மாட்டுங்களேன், போன முறை இதால தான் காய்ச்சல் வந்துச்சு” என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். குழாயில் இரண்டு வழி இருந்தால் ஒன்றைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், இரத்தம் எடுக்க வருபவர்கள் வசதிக்கு அதையே திறப்பார்கள்.

கண்ணாடி போன்ற ஒட்டுக்கட்டு ஏழு நாள் நிற்க வேண்டியது. நம்ம மலையின் ஈரத்துக்கு ஓரம் சீக்கிரம் கிளம்பும். கிளம்பினால் நாள் எண்ணாமல் மாற்ற வேண்டும். மேலே பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்கக் கூடாது. பீலியில் குளிப்பதை அம்மா விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். லைன் இருக்கும்வரை வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பதோடு சரி.

முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும் முன்னரே, குடல் அடைப்பு இளகியதும் டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சித் தண்ணீரைக் கூட்டி, பேக்கைக் குறைத்து நிறுத்தினார். குடல் வேலை செய்தால் குடல் வழியே கொடுப்பதுதான் முதல் தெரிவு, கிருமி ஆபத்தும் குறைவு. எனவே “பேக்கை எப்போது குறைக்கலாம்?” என்று நீங்களே கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து போய்வருபவர்களுக்கு ஒன்று: லைன் போட்ட திகதி, கடைசி கீமோ திகதி, மருந்து ஒவ்வாமை, க்ளினிக் நம்பர் எல்லாவற்றையும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டில் எழுதி க்ளினிக் புத்தகத்துக்குள் வையுங்கள். நடுச்சாமத்தில் பார்க்கிற டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.