ஒமாஹா மைதானம்: சிக்ஸர் ரசிகர்களுக்கு அல்ல

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சீசன் பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் முடியும். அங்கே கடைசி 8 அணிகள் மோதுகிற சார்லஸ் ஷ்வாப் ஃபீல்டுக்கு நான் கொடுப்பது 5-க்கு 4. 2011-ல் திறந்தது, சுமார் 24,000 இருக்கைகள். நடு வேலி அடிப்பவரிடமிருந்து 408 அடி தள்ளி இருக்கிறது, காற்றும் எதிரே வீசினால் ஹோம் ரன் (பேஸ்பாலின் சிக்ஸர்) அடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

ஆனால் பிட்சிங் (பந்துவீச்சு) ரசிப்பவர்களுக்கு விருந்துதான். 2025 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் எல்.எஸ்.யூ.வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கேட் ஆண்டர்சன் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி, தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்து வந்த கோஸ்டல் கரோலைனா பல்கலைக்கழக அணியை 1-0 என்று மடக்கினாரே, அதெல்லாம் இந்த மாதிரி பெரிய மைதானத்தில்தான் பார்க்க வேண்டும். அடுத்த ஆட்டம் 5-3, எல்.எஸ்.யூ.வுக்கு எட்டாவது பட்டம்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது ஜூன் வெயிலுக்காக. இரவு ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள்.