கணையத்தில் சீழ்: வயிற்றைத் திறப்பதா, ட்யூப் வைப்பதா?

காசிமேட்டில் என் மச்சானுக்குக் கணையம் அழுகிச் சீழ் பிடித்தபோது வீட்டில் எல்லோரும் கேட்டது: "திறந்து சுத்தம் பண்ணாம, ஏன் வெறும் ட்யூப்?"

முன்பு அதுதான் வழக்கம். வயிற்றைத் திறந்து செத்த திசுவை மொத்தமாக எடுப்பார்கள். ஏற்கெனவே துவண்ட உடம்புக்கு அது பெரிய அடி. இன்னொன்று படிப்படியான வழி. ஸ்கேன் பார்த்து ட்யூப் விட்டுச் சீழை வடிப்பார்கள். போதாவிட்டால் மட்டும் சிறு கீறல்.

2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு 88 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. பெரிய சிக்கலோ மரணமோ நேர்ந்தது, திறந்தவர்களில் 69 சதவீதம், படிப்படியாகப் போனவர்களில் 40. இந்த இரண்டாவது வகையினரில் 35 சதவீதத்தினருக்கு ட்யூபே போதுமானதாக இருந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது, திறந்தவர்களில் 38 சதவீதம், மற்றவர்களில் 16. இறப்பு விகிதத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ட்யூபுக்குப் பொறுமை வேண்டும், சரி. ஆனால் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வந்தது, திறந்தவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 7. மச்சான் வலை இழுக்கிறவர். வயிறு பலமாக இருந்தால்தான் மறுபடி படகு ஏற முடியும். என் ஓட்டு ட்யூபுக்கே.