கடையை மூடிய பதிப்பகம்: வந்த பெட்டியும் வராத புத்தகங்களும்

வடசென்னையில் மேசை விளையாட்டு என்றால் கேரம்தான். வியாசர்பாடியும் புது வண்ணாரப்பேட்டையும் உலகக் கேரம் போட்டிகளுக்கு வீராங்கனைகளை அனுப்பிய இடங்கள். அப்படிப்பட்ட ஊரில், ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆர்.பி.ஜி. விளையாட்டுக்கு ஐந்து பேர் சேர்வதே பெரிய காரியம். பெரம்பூரில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் குழு, அமெரிக்காவிலுள்ள ஒரு சிறிய பதிப்பகத்தின் கடற்பயண ஆர்.பி.ஜி. பெட்டியைப் பங்கு போட்டு வாங்கியது. நான்கு மாதங்களில் அந்தப் பதிப்பகம் கடையை மூடிவிட்டது. பெட்டியையும், மூடும் வேளையில் அவர்கள் வாடிக்கையாளர்களை நடத்திய விதத்தையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன். திவால் நடவடிக்கை இன்னும் முடியாததால் பதிப்பகத்தின் பெயரை எழுதவில்லை.

முதலில் பெட்டி. விதிப்புத்தகம் ஒன்று, துறைமுக நகரங்களின் வரைபடங்கள், கப்பல் அட்டைகள், ஏழு பகடைகள் ஆகியவை கைக்கு வந்தன. இவற்றோடு, பின்னர் அனுப்புவதாகச் சொன்ன இரண்டு இணைப்புப் புத்தகங்களுக்கும் சேர்த்தே பணம் வாங்கியிருந்தார்கள். அஞ்சல் செலவும் சுங்க வரியும் உட்பட ஆளுக்கு ஏறத்தாழ 2,400 ரூபாய் ஆயிற்று. அயல்நாட்டிலிருந்து வரும் அச்சுப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி வந்தது. பகடையும் அட்டையும் கூடவே இருக்கும் பெட்டியை விளையாட்டுப் பொருள் என்று கணக்கிட்டால் வரி இன்னும் ஏறும் என்பதை வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு என்ற அளவில் இது நன்றாகவே எழுதப்பட்ட நூல். காற்றின் திசை, சரக்கின் எடை, மாலுமிகளின் மனநிலை ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் கோத்து, ஒவ்வொரு நாள் பயணத்தையும் இரண்டு பகடை வீச்சில் முடித்துவிடும் முறை இதன் சிறப்பு. வேறு கடல் விளையாட்டுகளில் ஒரு புயலைக் கடக்க அரை மணி நேரம் கணக்குப் போட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. இதில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பி காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். புத்தகத்தில் மீன்பிடி வலைக்குப் போட்டிருந்த விலையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே சற்று நேரமானது என்றாலும், கரையை நெருங்கும்போது ஆழம் பார்க்கும் விதி மட்டும் கடல் தெரிந்தவர் எழுதியது என்று ஒப்புக்கொண்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் இந்த நூலுக்குத் தேவையில்லை.

குறை கட்டுமானத்தில் இருக்கிறது. தாள் தடிமனானது, அச்சும் தெளிவானது. ஆனால் தையல் போடாமல் பசையால் மட்டும் ஒட்டிய முதுகு, கடற்காற்று அடிக்கும் ஊரில் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவை ஒட்டியுள்ள பைண்டர் ஒருவரிடம் கொடுத்து நூல் போட்டுத் தைத்து வாங்கினோம். இப்போது அசல் கட்டைவிட உறுதியாக இருக்கிறது.

இனி, மூடிய கதை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மின்னஞ்சல் வந்தது. அமெரிக்கத் திவால் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தின்கீழ் மனுச் செய்திருப்பதாகவும், அனுப்பாமல் நிற்கும் ஆர்டர்களை இனி நிறைவேற்ற இயலாது என்றும், தங்கள் தளத்திலுள்ள பி.டி.எஃப். கோப்புகளை 14 நாட்களுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஏழாம் அத்தியாயம் என்றால் நிறுவனத்தை மீட்கும் முயற்சி கிடையாது. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஓர் அறங்காவலர் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். அந்தப் 14 நாட்களும் கப்பலில் பணியிலிருந்த எங்கள் நண்பர் ஒருவர், தன் பெயரில் வாங்கிய கோப்புகள் அனைத்தையும் இழந்தார். பாத்திரங்களை உருவாக்க உதவிய செயலியும் அதே நாளில் நின்றுபோனது. காசு கொடுத்து வாங்கியதைப் பத்திரப்படுத்த 14 நாள் தவணை கொடுத்ததை நான் மன்னிக்கவில்லை. கோப்புகளை ஒரு மாதம் கூடுதலாக வைத்திருக்க ஆகும் சர்வர் செலவு, அந்த மின்னஞ்சலின் தலைப்பில் போட்டிருந்த வண்ணப் படத்தின் செலவைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

"தீபாவளிச் சீட்டு மாதிரி ஆயிடுச்சுண்ணா" என்றார் காசிமேட்டுத் தம்பி. மாதாமாதம் கட்டிவிட்டு, பட்டாசும் பலகாரமும் வரும் என்று காத்திருக்கும்போது சீட்டு நடத்துகிறவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போன கதை எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒன்று உண்டு. இருந்தாலும் இதற்கும் அதற்கும் ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இவர்கள் ஓடிப்போகவில்லை. இரண்டு இணைப்புப் புத்தகங்களில் முதலாவதன் திருத்தப்படாத எழுத்துப்படியை, படங்கள் இல்லாமல், பணம் கட்டிய எல்லோருக்கும் கடைசி வாரத்தில் அனுப்பிவைத்தார்கள். எழுத்துப் பிழைகள் நிறைந்த 90 பக்கங்கள்தான்; ஆனால் ஆடுவதற்குப் போதுமான 90 பக்கங்கள்.

இந்தத் தொழிலில் இது புதிய கதையும் அன்று. 1974இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டு இந்த வகை விளையாட்டையே தொடங்கிவைத்த டி.எஸ்.ஆர். நிறுவனம், விற்காத சரக்கு மலையாகத் திரும்பி வந்து, அச்சகம் மேற்கொண்டு அச்சிட மறுக்கும் அளவுக்குக் கடனில் மூழ்கி, 1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. டிராவலர் என்ற விண்வெளி ஆர்.பி.ஜி. விளையாட்டை 1977இல் வெளியிட்ட கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் 1996இல் மூடியது. உரிமை அதை உருவாக்கிய மார்க் மில்லரிடம் திரும்பியதால், டிராவலர் இன்றும் அச்சில் இருக்கிறது. மறுபக்கம், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதையுலகை உரிமத்துக்கு வாங்கி ஆர்.பி.ஜி. நூல்களை வெளியிட்ட அயர்ன் கிரவுன் நிறுவனம் 1999இல் உரிமத்தை இழந்து, 2000இல் திவாலானது. அந்த வரிசை நூல்கள் பழைய புத்தகச் சந்தையோடு நின்றுவிட்டன. ஆகவே ஒரு பதிப்பகத்திடம் முன்பணம் கட்டும் முன்னர், விளையாட்டின் கதையுலகும் விதிகளும் யாருடைய சொத்து என்று பார்ப்பது, பெட்டியின் அட்டைப்படத்தைப் பார்ப்பதைவிட அவசியம்.

எங்கள் பெட்டி அந்த வகையில் பாதி தப்பித்தது. அதன் விதிகள், டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பின் மேல் கட்டப்பட்டவை. அந்த விதிகளைப் பிறர் பயன்படுத்த இடம் கொடுத்த பழைய உரிமத்தை விஸார்ட்ஸ் நிறுவனம் மாற்ற முயன்றபோது எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2023 ஜனவரியில் அந்தத் தொகுப்பு, யாரும் எடுத்தாள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதை இனி எந்த நிறுவனமும் திரும்பப் பெற முடியாது. ஆகவே அந்த அடிப்படையில் யாரும் புதிய சாகசங்களை எழுதலாம், விற்கலாம். பதிப்பகம் உருவாக்கிய தீவுகளும் பாத்திரப் பெயர்களும் ஓவியங்களும் மட்டும் அறங்காவலர் ஏலம் விடும் சொத்தில் அடங்கும். வராமல்போன இரண்டாம் இணைப்பு நூலுக்குப் பதிலாக, பழைய ராயபுரத்தை மனத்தில் வைத்து ஒரு துறைமுகத்தை நாங்களே எழுதி ஆடிக்கொண்டிருக்கிறோம். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் அதில் மந்திரவாதிகளின் சுங்கச் சாவடியாக வருகிறது.

பணத்தைத் திரும்பப் பெறுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கார்டு மூலம் செலுத்தியவர்கள், பொருள் வரவில்லை என்று தங்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவதை, கோரலாம். பொதுவான வரம்பு 120 நாள் என்பதால், மின்னஞ்சலைப் பார்த்த அன்றே எழுதிவிட வேண்டும். எங்களில் இருவருக்கு அப்படிப் பாதித் தொகை திரும்பியது. மற்றவர்கள் திவால் நீதிமன்றத்துக்கான கோரிக்கைப் படிவத்தை நிரப்பினார்கள். அமெரிக்கச் சட்டத்தில், சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வாங்கும் பொருளுக்கு முன்பணம் கட்டி ஏமாந்த தனிநபருக்கு ஒரு முன்னுரிமை உண்டு. 2025 ஏப்ரல் முதல் தொடுக்கப்படும் வழக்குகளில் ஒருவருக்கு 3,800 டாலர் வரை அது பொருந்தும். ஆனால் அடமானம் பெற்றவர்கள், நிர்வாகச் செலவு, ஊழியர் சம்பள பாக்கி எல்லாம் அதற்கு முன்னே நிற்கின்றன. அந்தச் சட்டப் பிரிவின் வரிசையில் நமக்குச் சரியாக ஒரு படி மேலே, மீன் கிடங்குகளிடம் பணம் வர வேண்டிய அமெரிக்க மீனவர்கள் இருக்கிறார்கள் என்று படித்துக்காட்டியபோது, காசிமேட்டுத் தம்பி அந்த நாட்டின் மேல் திடீரென்று பெரிய மரியாதை கொண்டுவிட்டார்.

இதே நிலை இங்குள்ள பதிப்பகம் ஒன்றால் வந்திருந்தால் நாங்கள் போக வேண்டிய இடம் வெகு பக்கம். நிறுவனங்களின் திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, பொருளுக்கு முன்பணம் கொடுத்தவரும் செயல்பாட்டுக் கடன் கொடுத்தவராக, அதாவது வியாபாரத்தில் பாக்கி வர வேண்டியவராக, கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடங்க 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும் என்பதால், பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டிய ஐந்து பேர் அங்கே படியேற முடியாது. வேறு யாராவது தொடங்கிய வழக்கில் கோரிக்கை மட்டும் தாக்கல் செய்யலாம். சிறு தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமும், 1915 என்ற உதவி எண்ணும் உண்டு.

மதிப்பெண் கேட்டால், விளையாட்டுக்கு ஐந்தில் நான்கு, கட்டுமானத்துக்கு இரண்டு, மூடிய விதத்துக்கு இரண்டரை கொடுப்பேன். அந்த அரை மதிப்பெண் 90 பக்க எழுத்துப்படிக்கு.

மிஞ்சிய சரக்கு இப்போது பாதி விலைக்கு வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. வாங்க விரும்புகிறவர்கள், இரண்டு இணைப்பு நூல்களும் உள்ளே உண்டு என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். அவை எந்தப் பெட்டியிலும் இல்லை. செயலிக்கான ரகசிய எண் அட்டையும் இனி எதற்கும் உதவாது. அஞ்சலும் வரியும் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தால் வாங்கலாம். கூடவே பைண்டருக்கு 250 ரூபாய் ஒதுக்கி வையுங்கள்.